அடி தட்டாத சரிவு

ரோட்டில் வேகத்தடை போடலாம் என்று முடிவு செய்த ஆளை விட்டுவிடுகிறேன். அதற்கு வெள்ளைக் கோடு வேண்டாம் என்று முடிவு செய்த ஆள் மட்டும் என் கையில் கிடைத்தால் தொலைந்தான். மந்தைவெளியிலிருந்து அடையாறு போய்ச் சேர்வதற்குள் எங்கெங்கே மேடு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு, போட்டவர்களுக்கே தெரியாது. எல்லாவற்றிலும் நான் காரிலிருந்து இறங்கியிருக்கிறேன். இறங்கி, குனிந்து, மேட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் கத்தி மாதிரி நிறுத்திப் பார்ப்பேன். நாலு விரல் உயரத்துக்குள் இருந்தால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவேன். அதற்கு மேல் போனால் கையைக் குறுக்கே ஆட்டுவேன். உள்ளே இருக்கும் டாக்டர் ஸ்டீயரிங்கை ஒடித்து, ஒவ்வொரு சக்கரமாகக் கோணலாக ஏற்றி, கோணலாக இறக்குவார். பின்னால் ஊரே ஹாரன் அடிக்கும்.

டாக்டர் என்றால் பல் டாக்டர், என்னைப் போல ஒரு பெண்மணி. எங்கள் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு மேல் மாடி, எங்களுக்குத் தரைத்தளம். அடையாறில் சொந்தக் கிளினிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேரைச் சொல்ல மாட்டேன். எங்கள் பேட்டையில் பாதிப் பேர் அவரிடம் வாயைத் திறந்து காட்டியவர்கள்தான், சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆள் இன்னும் திடமாகத்தான் இருக்கிறார். எனக்கும் அவருக்கும்தான் பேச்சு வார்த்தை நின்று போயிற்று. அதனால் இறந்துபோனவரைப் பற்றி எழுதுவதுபோல நினைவிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது.

நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவள். ரிடையர் ஆன பிறகும் அடையாறில் ஒரு பள்ளியில் த்ரோபால் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் இடி வாங்குவதற்கு இது மேல் என்றுதான் டாக்டர் காரில் முதலில் ஏறினேன். ஏறினேன் என்பது தப்பு. அந்தக் காரில் யாரும் ஏற முடியாது, இறங்கத்தான் வேண்டும். தரையோடு தரையாக, கரும்பச்சை நிறத்தில், இரண்டே சீட்டோடு இருந்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். யாரோ ஒரு பணக்காரர் வைத்திருந்து விற்றதை, தன் பங்குக்கு வந்த பூர்வீக நிலத்தைக் கொடுத்து வாங்கினாராம். வீட்டில் ஒரு நல்ல நாற்காலி கிடையாது. பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்.

ஒரு தடவை மந்தைவெளி மார்க்கெட் பக்கம் நான் இப்படிக் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது, பின்னால் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாம்மா, தேர் இஸ்துக்கினு போறியா? வயி வுடும்மா!"

"இருய்யா! உன் தகர டப்பான்னு நெனச்சியா?" என்று நான் திருப்பிக் கத்தினேன். என்னவோ என் சொந்தக் கார் மாதிரி எனக்கு அப்படி ஒரு ரோஷம். டாக்டர் காதில் எதுவும் விழவில்லை. முன் சக்கரம் மேட்டைத் தாண்டுகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். தாண்டியதும், "தட்டலையே டீச்சர்?" என்பார். "தட்டலை" என்று நான் சொன்னால்தான் மூச்சு வரும்.

அந்தக் காரைப் பற்றி டாக்டர் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. நிஜமாகச் சொல்கிறேன், நன்றாகப் பேசுவார்.

"வேகம் ஒரு விஷயமே இல்ல டீச்சர். பெரிய எஞ்சினத் தூக்கி வச்சா கட்டில்கூட ஓடும். லஸ் சிக்னல்ல ஊர்ந்து போறப்பவே இது வேற வண்டின்னு உங்க இடுப்புக்குத் தெரியணும்."

"இடுப்புக்கா?"

"ஆமா. வண்டியோட கனம் எங்க உக்காந்திருக்குன்னு இடுப்புதான் சொல்லும். கனம் நடுவுல, கீழ இருக்கணும். திரும்பறப்ப வண்டி ஒரு பக்கமா சாயக் கூடாது, நம்மளோட சேர்ந்து திரும்பணும். சீட்டும் அப்படித்தான். மெத்து மெத்துன்னு இருந்தா அது சோபா. இது உங்களப் பிடிச்சுக்கணும், ஆனா அமுக்கக் கூடாது."

பிரேக் என்றால் கண் விரியும். மிதித்தால் தூக்கிப் போடக் கூடாதாம், நாம் எவ்வளவு நினைத்தோமோ அவ்வளவுதான் நிற்க வேண்டுமாம். எஞ்சின் சத்தம் வெளியே இருப்பவனுக்கு இல்லையாம், ஓட்டுபவனுக்குக் கியர் மாற்றச் சொல்கிற பேச்சாம். காரின் கதவு, திருகு, பொத்தான் எல்லாம் ஒரே ஆள் மனசில் தோன்றிய மாதிரி இருக்க வேண்டுமாம். ஸ்டீயரிங்கைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் டாக்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொள்வார்.

"ரோட்டுல சின்னக் கல்லு இருந்தாலும் கைக்கு வந்து சேரணும். பல்லைக் குடையறப்ப எது சொத்தை, எது நல்லதுன்னு என் விரலுக்குத் தெரியுதில்ல, அந்த மாதிரி. சொகுசுங்கற பேர்ல எல்லாத்தையும் பஞ்சு வச்சு மூடற வண்டி எனக்கு வேணாம். ஓட்டறவங்ககிட்ட வண்டி பொய் சொல்லக் கூடாது டீச்சர்."

நான் ஆமாம் ஆமாம் என்று மண்டையை ஆட்டினேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

டாக்டருக்கு அந்தக் காரின் அடிவயிறுதான் உலகம். என் அக்கா மகள் கல்யாணம் தி. நகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மண்டபத்துக் கார் நிறுத்தம் பூமிக்கடியில், சரிவு செங்குத்து. டாக்டர் வாசல் வரைக்கும் வந்து, சரிவைப் பார்த்து, காரை அப்படியே திருப்பிக்கொண்டு மந்தைவெளிக்கே போய்விட்டார். காரை வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வருவதற்குள் பந்தி முடிந்து, பெண் மாப்பிள்ளை கிளம்பிவிட்டார்கள். பட்டுச் சேலை கசங்கி, கையில் பரிசுப் பொட்டலத்தோடு நின்றவரைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "சரிவு சரியில்ல டீச்சர்" என்றார். எங்கள் வீட்டில் ரொம்ப நாள் அது ஒரு வேடிக்கைப் பேச்சு. குழம்பு காரமாக இருந்தால்கூட என் வீட்டுக்காரர் "சரிவு சரியில்ல" என்பார்.

இன்னொன்று இருக்கிறது, அதற்குச் சிரிக்க முடியவில்லை. எங்கள் கேட்டருகே கால்வாய்ப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வாட்ச்மேன் பெரியவர் ஒரு பலகையைக் கொண்டுவந்து பள்ளத்தின் மேல் போட்டுப் பிடித்துக்கொண்டார். கார் ஏறியதும் பலகை நழுவி அவர் பாதத்தின் மேல் விழுந்தது. டாக்டர் காரை நிறுத்தி, இறங்கி, கஞ்சி போட்ட காட்டன் சேலையோடு நடு ரோட்டில் மல்லாந்து படுத்து, செல்போன் விளக்கை அடித்துக் காரின் அடியைப் பார்த்தார். பெரியவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "தப்பா நெனச்சிக்காதீங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் அவரை உட்கார வைத்து ஐஸ் ஒத்தடம் கொடுத்தேன். டாக்டர் எழுந்து வந்து, "நல்லவேளை, கீறல் இல்ல" என்றார். வண்டிப் பைத்தியம் என்று நான் அதையும் விட்டுவிட்டேன்.

விட்டதற்குக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரருக்குக் கண் போயிருந்தது. பாங்க் வேலையில் இருந்தபோதே சர்க்கரை. ரிடையர் ஆன கையோடு இரண்டு கண்ணும் இருட்டாகிவிட்டது. ஆனால் மனுஷன் வீட்டோடு முடங்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே ஹாலைத் தாண்டுவார், வாசற்படி இறங்குவார், காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குப் போவார், அங்கிருந்து தெருமுனைப் பெட்டிக்கடை. கடைக்காரர் பேப்பரில் தலைப்புகளை வாசிக்க, இவர் அரசியல் பேசிவிட்டு, மிட்டாய் சாப்பிட்டதை என்னிடம் மறைத்துக்கொண்டு திரும்பி வருவார். யாரும் கையைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் கோபம் வரும். தரைத்தளத்து வீடு இருந்ததால் அவர் மனுஷனாக இருந்தார். அதை எங்கள் குடியிருப்பில் எல்லோரையும்விட டாக்டர் நன்றாகப் புரிந்துகொண்டார்.

ஒரு மழை நாளில் என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இறங்கி நினைவு தப்பியது. தெருவில் முட்டி அளவு தண்ணீர். கார் வராது என்று எனக்கே தெரியும், நான் கேட்கக்கூட இல்லை. டாக்டர் மாடியிலிருந்து ஓடி வந்து வாயில் சர்க்கரைத் தண்ணீரைத் தடவிவிட்டு, தண்ணீரில் இறங்கி மெயின் ரோடு வரைக்கும் நடந்து, ஒரு ஆட்டோவை அதட்டி உருட்டிக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் அவர் கண் விழிக்கிற வரைக்கும் ஈரச் சேலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாதாவே, இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். இது இல்லையென்றால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவர் தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பூசைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் டாக்டர் அவரைக் காரில் உட்கார வைத்திருந்தார். கார் கிளம்பவில்லை. என் வீட்டுக்காரர் கதவின் உள்பக்கத் தோல் தையலை விரலால் தடவி, டேஷ்போர்டைத் தடவி, ஒரு திருகைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"இந்தா பாரு, ஒவ்வொரு திருப்புக்கும் டிக்னு சொல்லுது. நம்ம வீட்டு ஃபேன் ரெகுலேட்டர சுத்தினா எங்க நிக்குதுன்னே தெரியாது."

டாக்டர் முகம் பூரித்துவிட்டது. "சார், இந்த வண்டிய ஒழுங்காப் பாத்த ஒரே ஆள் நீங்கதான்!"

பார்வை இல்லாதவரிடம் இப்படிச் சொல்கிறோமே என்று டாக்டருக்கும் தோன்றவில்லை, கேட்டவருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அடிக்கடி இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத வண்டி, நான் கேட்டில் நின்று டாட்டா காட்டுவேன். அவரால் இறங்கி மேட்டை அளக்க முடியாது என்பதால், நான் ஏற்கெனவே அளந்து பார்த்துச் சரி என்று சொன்ன ரோடுகளில்தான் டாக்டர் போவார். திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரர், "பாலத்து மேல உப்புக் காத்து வந்துச்சு, அப்ப ஒரு கியர் போட்டாங்க பாரு, முதுகுல கை வச்சுத் தள்ளின மாதிரி" என்று சின்னப் பிள்ளையாகச் சொல்வார். அந்த நாட்களில் டாக்டர் கேட்டிருந்தால் என் சிறுநீரகத்தைக்கூடக் கொடுத்திருப்பேன்.

பிறகு பில்டர் வந்தார். கட்டடத்தை இடித்துவிட்டு உயரமாகக் கட்டித் தருகிறாராம், எல்லோருக்கும் பெரிய வீடாம். மெட்ராஸில் இப்போது எந்தத் தெருவிலும் இந்தக் கதைதான். இதில் ஒரு விஷயம் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்று. தரைத்தளத்தில் இனிமேல் மனுஷர்கள் கிடையாது, தூண்களும் கார்களும்தான். எங்கள் வீடு இருந்த இடத்தில் பார்க்கிங், எங்களுக்கு மூன்றாவது மாடி. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லாம் உடனே சரி என்றார்கள். பெரும்பாலானவர்கள் சம்மதித்தால் போதும் என்பது சட்டம். கணக்குப் பார்த்தால், எங்கள் வீடும் டாக்டர் வீடும் மறுத்து நின்றால் வேலை நகராது.

டாக்டர் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "சார், நீங்க நடக்கற வீடு இது. நான் சம்மதிக்க மாட்டேன். அவங்க தலைகீழா நின்னாலும் மாட்டேன்."

அன்றைக்கு நான் அவருக்கு நெத்திலி வறுத்துப் போட்டேன். நன்றாகச் சாப்பிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து மொட்டை மாடியில் ஒரு கூட்டம் போட்டார்கள். எப்படியும் நடக்கப் போவதில்லை, போய் ஒரு பிடி பிடித்துவிட்டு வரலாம் என்று நான் தெம்பாகப் போனேன். பில்டரிடம் வேலை பார்க்கும் எஞ்சினியர், பாவம், சாதுவான பையன், டேப்லெட்டில் படம் காட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் எல்லாம் சொல்லிவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினான்.

"மேடம், நீங்க கேட்ட மாதிரியே ராம்ப்பை நீளமா இழுத்துட்டோம். உங்க கார் அடி சுத்தமா தட்டாது. அதுக்காகத்தான் சரிவு உள்ள வரைக்கும் வருது. இதோ, இப்ப டீச்சர் வீட்டு ஹால் இருக்கற இடம் வரைக்கும்."

எனக்கு முதலில் புரியவில்லை. டாக்டரைப் பார்த்தேன். என்னைப் பார்ப்பார், "என்னப்பா உளர்றே" என்று அவனை அதட்டுவார் என்று நினைத்தேன். டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரலைத் திரையில் வைத்தார்.

"திரும்பற இடத்துல? அங்க மேடு வராதில்ல?"

வாயை அடக்க முடியவில்லை அவரால். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை.

"எப்ப சம்மதிச்சீங்க?" என்றேன். என் குரல் மைதானத்தில் கேட்கிற குரல். மாடியே திரும்பிப் பார்த்தது.

"டீச்சர், கட்டடம் பழசாயிடுச்சு. நாம ரெண்டு பேரும் எத்தனை நாளைக்கு..."

"எப்பன்னு கேட்டேன்."

"போன மாசம்."

"போன மாசமா? அதுக்கப்புறமும் அவரைக் கார்ல கூட்டிட்டுப் போனீங்களே!"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லத்தான் கூட்டிட்டுப் போனேன். அவர் அவ்வளவு சந்தோஷமா இருந்தார். வாய் வரல."

"எதுக்கு? ஒரு சரிவுக்கா? அவர் நடந்து போற வழியக் குடுத்துட்டு உங்க வண்டிக்குச் சரிவு வாங்கினீங்களா?"

"இந்த ஊர்ல எங்கயும் அதை நிம்மதியா நிறுத்த இடமில்ல டீச்சர்" என்றார். கண் கலங்கியிருந்தது. நிஜமான கண்ணீர்தான். அதுதான் எனக்கு ஆத்திரம். நடித்திருந்தால்கூட ஒரு அறை விட்டு மறந்திருப்பேன். இத்தனை வேகத்தடையில் வெயிலில் குனிந்தவள் நான். நான் தட்டவில்லை என்று சொன்னால்தான் அவருக்கு மூச்சு வந்தது. என் வீட்டை இடித்தால் எனக்குத் தட்டுமா தட்டாதா என்று அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

கீழே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவங்களுக்கு என்ன நெருக்கடியோ" என்றார். அவ்வளவுதான். எனக்கு அவர் மேலும் கோபம்.

கட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்துச் சந்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில் இருந்தோம். அங்கே அவர் கைக்குச் சுவர் பிடிபடவில்லை. படியில் ஒருமுறை தடுக்கி விழுந்தார். அதோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். புது வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிச் சொல்லி நாளைக் கடத்தினேன். புது வீடு வந்தது. மூன்றாவது மாடி, பளபளவென்று தரை, கடல் காற்று. லிஃப்ட்டில் பொத்தான் எல்லாம் தொட்டால் ஒளிர்கிற வழவழக் கண்ணாடி. தடவிப் பார்க்க ஒரு மேடு பள்ளம் கிடையாது. எது எந்த மாடி என்று அவர் விரலுக்கு எப்படித் தெரியும்? அவர் தனியாக வெளியே போவது முடிந்து போயிற்று. தெருமுனைக் கடைக்காரர் மட்டும் எப்போதாவது போனில் தலைப்புகளை வாசிப்பார்.

டாக்டரும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார், எங்களுக்கு மேலே. லிஃப்ட்டில் பார்த்தால் நான் சுவரைப் பார்ப்பேன். அவர் ஒருநாளும் எங்கள் வீட்டு மணியை அடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். "அவங்க சங்கடப்படறாங்கடி. நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா எப்படி வருவாங்க? ஒருநாள் வருவாங்க பாரு" என்பார். சாயங்காலமானால் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

போன வாரம் திடீரென்று, "என்னக் கீழ கூட்டிட்டுப் போ. நம்ம வீடு இருந்த எடத்துல ஒரு தடவ நடக்கணும்" என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். கேட் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. அதைத் தொட்டதும் என் கையை உதறினார்.

"விடு. எனக்குத் தெரியும்."

நடந்தார். சுவர் இல்லாத இடத்திலும் கையைச் சுவர் உயரத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். சரிவில் ஏறியபோது நின்று, "நல்லாத்தான் போட்டிருக்கான், காலுக்கே தெரியல" என்றார். எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் போய், "இது வாசப்படி" என்றார். "இது செருப்பு விடற எடம். இது ஹாலு." கையை முன்னால் நீட்டினார். "இங்கதான மாதா படம்..."

கை காரில் பட்டது. இரண்டு கையாலும் தடவினார். கதவின் விளிம்புக்கு வந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அப்படியே முன்பக்கம் போய் எஞ்சின் மூடி மேல் உள்ளங்கையை வைத்தவர், எடுக்காமல் நின்றார்.

"சூடா இருக்கு" என்றார். "இப்பதான் வந்திருக்காங்க."

டாக்டருக்காக மறுபடியும் ஏதாவது காரணம் சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் லிஃப்ட் இருக்கும் பக்கம் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நம்ம வீட்டுக்குள்ள வந்துட்டு, ஒரு வார்த்த பேசாமப் போயிட்டாங்களேடி" என்றார்.